வலம் வரும் கால்களுக்கு ஒரு சீனத் தோட்டம்

சீனத்தின் சூச்சோ நகரத் தோட்டங்களைப் பற்றி நம் பயணிகளிடையே எளிதில் எழும் குறை ஒன்று உண்டு: பூவில்லை, புல்தரையில்லை, பாறையும் குளமும் வெள்ளைச் சுவரும்தான். ஊட்டித் தாவரவியல் பூங்காவும் மைசூர் பிருந்தாவனமும் பழக்கிய கண்ணின் குறை அது. அங்கெல்லாம் தோட்டம் நம் முன்னே விரிந்து கிடக்கும். சூச்சோவிலோ அது ஒளிந்து ஒளிந்து வரும். ஆகவே அந்தக் கண்ணை நம்பிப் போவதைவிட, திருவண்ணாமலை மலையை அடி அண்ணாமலை ஊர் வழியாக வலம் வந்து பழகிய காலை நம்பிப் போவது மேல் என்பேன்.

மலையைச் சுற்றும் அந்தக் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். கிழக்கே ஒற்றைச் சிகரமாகத் தெரியும் மலை, நடக்க நடக்கப் பிரிந்து, வடக்கே குபேர லிங்கத்தை ஒட்டிய பாதையில் ஐந்து முகமாகி விடுகிறது. அதைப் பஞ்சமுக தரிசனம் என்கிறார்கள். ஒரே மலைக்கு இத்தனை முகம் தருவது நம் நடைதான். கிழக்கே பெரிய கோயிலின் ராஜகோபுரம் 11 நிலைகளுடன் 217 அடி எழுந்து மலைக்கு ஈடுகொடுக்கப் பார்க்கிறது. மேற்கே அடி அண்ணாமலையில் கோயில் சிறியது, ஊரும் சிறியது. இரண்டும் அடங்கி நிற்பதால் மலை தன் முழு உயரத்தோடு ஊருக்குள்ளேயே வந்துவிடுகிறது. பாதை முழுவதிலும் ரசனைக்கு உகந்த இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

வெளியே இருப்பதை உள்ளே வரவழைக்கும் இந்த வித்தைக்குச் சீனர்கள் வைத்த பெயர் 'இரவல் காட்சி'. ஓவியரும் தோட்டக் கலைஞருமான ஜி செங், 1631-இல் எழுதி முடித்த 'யுவான் யே' என்ற நூலில் அதற்குத் தனி இடம் கொடுத்தார். சூச்சோவில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங் சியான்சென் என்ற அதிகாரி அமைத்த சுவோசெங் தோட்டத்தில் அதைக் கண்ணாரக் காணலாம். குளத்தின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால், நீருக்கும் மரங்களுக்கும் மேலே ஒன்பது நிலைப் பகோடா ஒன்று எழும். அது தோட்டத்துக்குச் சொந்தமில்லை. மதிலுக்கு வெளியே நகரில் இருக்கும் வடகோயிலுடையது. மரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டதுதான் தோட்டக்காரரின் வேலை.

மலை இயற்கை, தோட்டம் செயற்கை. ஒன்று பக்தி, மற்றது பொழுதுபோக்கு. இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் மலையை யாரும் செய்யவில்லை என்றாலும், அதைச் சுற்றி எங்கே நிற்கவேண்டும் என்று எட்டுத் திசை லிங்கங்களை வைத்தவர்கள் மனிதர்கள். பக்தியும் சூச்சோவுக்கு அந்நியமில்லை: துளை விழுந்த தாய்ஹூ ஏரிக் கற்களுக்குப் பேர்போன சிங்கத் தோப்புத் தோட்டம், 1342-இல் பௌத்தத் துறவி ஒருவருக்காக அவருடைய சீடர்கள் எழுப்பிய மடத்தோடு தொடங்கியது. கூட்டத்தில் என்ன ரசனை என்ற தடையும் இரண்டுக்கும் பொது. பௌர்ணமி இரவில் லட்சம் பேர் நடக்கும் பாதை, சாதாரண நாளின் விடியலில் மலையை நம்மிடம் தனியே விட்டுவிடுகிறது. சூச்சோவிலும் கதவு திறந்த முதல் மணி நேரமே உகந்தது.

ஒரு வேற்றுமை மட்டும் மெய்யானது. கிரிவலத்தில் மலை எப்போதும் வலக்கைப் பக்கம். சூச்சோவின் வளைந்த நடைக்கூடங்களில் அப்படி ஒரு கை இல்லை. எந்தப் பக்கமும் திரும்பலாம். சுவோசெங் தோட்டத்தில் குளத்தையே மலையாக எண்ணி ஒருமுறை சுற்றிவிட்டு, அதே வழியில் எதிர்த்திசையில் வாருங்கள். முதல் சுற்றில் முதுகுக்குப் பின்னால் போன பகோடா, இப்போது நீருக்கு மேல் நேர் எதிரே நிற்கும்.