முடவாட்டுக்காலும் டெரிடோஃபைட்டும்

கொல்லிமலைக்குப் போயிட்டு வந்தவங்களில் பலர் முடவாட்டுக்கால் சூப் குடிச்சிருப்பீங்க. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் அதைக் கிழங்கு என்கிறோம். உண்மையில் அது ஒரு பெரணியின் தண்டு. மேலே உள்ள ரோமத்தைப் பார்த்தால் ஆட்டுக்கால் என்ற பெயர் ஏன் வந்தது என்று புரிந்துவிடும். தாவரவியல் இந்த வகைச் செடிகளுக்கு வைத்த பெயர் டெரிடோஃபைட். நம் பிள்ளைகள் கல்லூரி செமினாரில் தயங்கித் தயங்கிச் சொல்கிற சொல்.

ஆங்கில எழுத்தில் அது 'பி'யில் தொடங்கும், அந்த 'பி'க்கு ஒலி கிடையாது. மூலம் கிரேக்கம்: டெரிஸ் என்றால் பெரணி, அதன் வேர் இறகைக் குறிக்கும் டெரான். கிரேக்கர்கள் 'ப்ட' என்றே சொன்னார்கள். ஆங்கில நாக்குக்குச் சொல்லின் முதலில் அது வராது, விட்டுட்டாங்க. சொல் முதலில் மெய் நிற்காது என்ற தொல்காப்பிய விதியால் நாம் 'இஸ்கூல்' என்றால் மட்டும் சிரிப்பு வருது! அதே இறகு ஹெலிகாப்டரிலும் இருக்கு. பொருளால் பிரித்தால் ஹெலிகோ, ப்டர். வாய் பிரிப்பதோ ஹெலி, காப், டர். நடுவில் வந்ததால் 'ப்' பிழைத்துக்கொண்டது.

நம்ம சொல்லும் அப்படித்தான். பொருள் பார்த்தால் முடம், ஆடு, கால். அசை பிரித்தால் முட, வாட், டுக், கால். ஆடு காணாமப் போச்சு.

இப்போது அழுத்தம். டெரிடோஃபைட்டைத் தமிழில் அலகிட்டால் டெரி, டோஃ, பைட்: நிரை, நேர், நேர். சுத்தமான புளிமாங்காய். மூன்றே அசை. ஆங்கிலத்தில் நான்கு. நம் அசை குறில், நெடில், ஒற்று என்று அளவை எண்ணுகிறது. ஆங்கிலம் எந்த அசையை ஓங்கிச் சொல்கிறோம் என்று பார்க்கிறது. பிரிட்டன் வழக்கில் 'டெ' ஓங்கும், அமெரிக்க அகராதியில் 'ரி' ஓங்கும். இரண்டிலும் ஓங்காதது 'டோ'. அதைத்தான் நாம் நெடிலாக நீட்டி எழுதுகிறோம்.

என் குறை இங்கேதான். தமிழ்வழி நூல்களின் எழுத்துப்பெயர்ப்பு ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதப்படுகிறது, ஒலியைக் கேட்டு அல்ல. 'ஓ' கண்ணில் பட்டால் நெடில். 'டெரிடஃபைட்' என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். தமிழ் எழுத்தால் முடியாததில்லை: பயாலஜி, ஜியாலஜி என்று எழுதும்போது ஓங்குகிற அசைக்குச் சரியாக நெடில் கொடுக்கிறோமே. பெரணியியலும் அதே அச்சில் டெரிடாலஜி. அழுத்தம் 'டா'வுக்கு நகர்ந்துவிடும். ஃபோட்டோகிராஃப் முதல் அசையில் ஓங்கி, ஃபடாக்ரஃபி ஆனதும் இரண்டாவதுக்குத் தாவுவது போல. இந்த ஒரு விதி தெரிந்தாலே 'லஜி'யில் முடியும் நூறு சொற்கள் வசமாகும்.

வகுப்பில் இதைச் சொல்லித் தருவதில்லை. எழுத்தை எழுத்தாக உடைத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அப்புறம் 'டோ'வை நீட்டிய மாணவிக்கு ஆங்கிலம் வராதுன்னு முத்திரை. அவள் வாசித்தது நாம் அச்சடித்துக் கொடுத்ததைத்தான்.