மிலார் வேய்ந்த பாத்திகள்

ஜனவரியில் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் முகம் சுளித்துத்தான் திரும்புகிறார்கள். மலர்க் கண்காட்சிப் படங்களில் பார்த்த பூவையெல்லாம் தேடி வந்தால், பாத்திக்குப் பாத்தி ஏதோ புதரை வெட்டிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. குப்பையைக்கூட அள்ளவில்லையே என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி மாளிகைப் பக்கம் நடையைக் கட்டுவார்கள். அது குப்பையல்ல, கோத்தகிரி மிலார். நீலகிரியின் பனிக்காலத்தில் நின்று ரசிக்க வேண்டிய கைவேலை எது என்று கேட்டால், நான் அதைத்தான் காட்டுவேன்.

மலையில் பனி ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. முதலில் நீர்ப்பனி. புல்லும் இலையும் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கும். அதனால் செடிக்குப் பெரிய கெடுதல் இல்லை. மழை விலகி, வானம் துடைத்தாற்போல் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவுகளில்தான் உறைபனி விழும். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி என்று தாழ்வான இடங்கள் விடியும்போது வெள்ளை வெளேரென்று கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தொட்டபெட்டா மலைச்சரிவில் அமைந்த பூங்காவிலும் அதே கதைதான். கீழ்ப்புறப் புல்வெளியில் பனி கொட்டிக் கிடக்கும்போது மேல் அடுக்குகள் தப்பித்திருக்கும். 1848இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய இந்தப் பூங்காவுக்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் செடிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பிறந்த மண்ணில் உறைபனி என்றால் என்னவென்றே தெரியாது.

செடியைக் கொல்வது குளிர்ந்த காற்று என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் திறந்த வானம்தான் அதைவிடப் பெரிய எதிரி. இரவில் ஒவ்வோர் இலையும் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். தெளிந்த வானம் அவ்வளவு திருப்பித் தராது. அதனால் இலை, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும் அதே நேரத்தில் காலடிப் புல்லில் பனி உறைந்திருப்பது இதனால்தான். இலைக்குள் நீர் உறைந்து திசு கிழிகிறது. வெயில் ஏறியதும் நெருப்பு பட்டதுபோல் கருகுகிறது. ஆகவே செடிக்குத் தேவை கம்பளி அல்ல, வானத்தை மறைக்க ஒரு குடை.

மிலார் அந்தக் குடை. மெல்லிய குச்சிகள் நெருங்கிக் கிளைத்த புதர்ச்செடி அது. கொப்பை வெட்டி, அடிமுனையை மண்ணில் ஊன்றி, நுனி செடியின் மேல் கவியும்படி சாய்க்கிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கொப்பு வந்து அதன்மேல் சாய்கிறது. நல்ல வேலையா என்று பார்க்க வேண்டுமானால், விடிந்ததும் குனிந்து உள்ளே பாருங்கள். மேலே மிலார்க் குச்சியெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். ஒரு சாண் கீழே நாற்றின் குருத்து ஈரப்பச்சையாக நிற்கும். இலையை மிலார் அழுத்தியிருக்கக் கூடாது. பகலில் உள்ளே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழ வேண்டும், காற்றும் நடமாட வேண்டும். அடர்த்தி கூடினால் செடி வெளுக்கும். குறைந்தால் இரவு தாண்டாது. இதற்கு அளவுகோல் கிடையாது. வேய்கிறவர் கண்தான் கணக்கு.

பிளாஸ்டிக் ஷீட் இருக்கிறதே, விரித்தால் வேலை முடிந்ததே என்று கேட்கலாம். மெல்லிய பாலித்தீன் காற்றைத் தடுக்கும். ஆனால் இலை வீசும் வெப்பக் கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். அதன்மேல் ஒட்டிய இலைதான் முதலில் கருகும். பகலில் உள்ளே புழுங்கும் என்பதால் தினமும் எடுத்துப் போட வேண்டும். மிலாரை ஒருமுறை வைத்தால் போதும். பகலில் நிழல், இரவில் கூரை. விடியலில் வெயில் சுரீரென்று தாக்காமல் தணித்தும் விடுகிறது.

இதிலுள்ள இன்னொரு நுட்பத்தைச் சமவெளிக்காரர்கள் கவனிக்க வேண்டும். நமக்கு மூடாக்கு என்றால் மண்ணுக்குத்தான். வைக்கோலோ சருகோ பரப்பி ஈரம் காப்போம். கடுங்குளிர் நாடுகளிலும் மண்ணைத்தான் மூடுகிறார்கள், அதுவும் நிலம் உறைந்த பிறகு. உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி நடந்தால் மண் பொங்கி வேரை வெளியே தள்ளிவிடும். உறைந்தது உறைந்தபடியே கிடக்கட்டும் என்பதற்காக அந்த மூடாக்கு. ஊட்டியின் உறைபனி ஓர் இரவு விருந்தாளி, காலையில் போய்விடும். இங்கே மண்ணின் மேல் கனமாகச் சருகைப் பரப்பினால், பகல் வெயிலை மண் வாங்காது, இரவில் அந்தச் சூட்டைச் செடிக்குக் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் மண்ணைத் திறந்து விட்டுச் செடிக்கு மேலே கூரை போடுகிறார்கள். இடம் அறிந்த தொழில் என்பது இதுதான். புல்வெளிக்குக் கூரை போட முடியாது. வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட பனிக்காப்பு வேலையையே ரசிக்கும் ஊரும் உண்டு. ஜப்பானில் கனசாவா நகரின் கென்ரோகுஎன் தோட்டத்தில், பைன் கிளைகள் பனிப்பாரத்தில் முறியாமலிருக்க உச்சியிலிருந்து கயிறு கட்டித் தாங்குகிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் தேதி தொடங்கும் அந்த வேலையைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது. கயிறு கட்டிய மரமே அந்த ஊரின் குளிர்கால அழகு. நம் மிலாருக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்தாலே போதும், பார்க்கும் கண் மாறும்.

வேய்வதைவிடப் பிரிப்பது கடினம். மே மாதக் கண்காட்சிக்கு நாற்று திடமாக வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். பிப்ரவரியில் வானம் இளகியதுபோல் தெரியும். அவசரப்பட்டு எடுத்தால் கடைசிப் பனி ஓர் இரவில் வந்து மொத்தத்தையும் கொண்டுபோகும். பயந்து தாமதித்தால் தண்டு நீண்டு துவளும். கைதேர்ந்தவர் ஒரேயடியாகப் பிரிக்க மாட்டார். முதலில் மேட்டுப் பாத்தி, பிறகு பள்ளத்துப் பாத்தி என்று கொப்பு கொப்பாகக் குறைப்பார். அந்தப் பதினைந்து இருபது நாள் நிதானத்தில்தான் அவர் கைத்திறன் முழுவதும் இருக்கிறது.