மேகத்துக்குள் ஒரு நேர்கோடு

கோவை பீளமேட்டு விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் எழுதியிருக்கும். காந்தத் திசைகாட்டியின் 50 பாகையும் 230 பாகையும்தான் அப்படிச் சுருங்கி நிற்கின்றன. 230 என்றால் தென்மேற்கு. அந்தப் பக்கம் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு, பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் அதன் வழியே வீசும் காற்றை எதிர்கொண்டு ஏறவும் இறங்கவும் தோதாகப் பாதை படுத்திருக்கிறது.

அந்தக் காற்று மேகத்தையும் கூடவே ஓட்டி வரும். அப்போது சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே வெறும் வெள்ளைதான். முன்னால் இருக்கும் விமானிகள் இருவருக்கும் அதே வெள்ளைதான். ஆனாலும் மேகம் விலகும்போது ஓடுபாதை நேர் எதிரே கிடக்கிறது. கண்ணை நம்பாமல் கருவிகளையும் விதிகளையும் மட்டும் நம்பிப் பறக்கும் இந்த முறைக்கு ஐ.எஃப்.ஆர். என்று பெயர். பயணிகள் கைதட்டாத, பெரும்பாலும் கவனிக்கவே கவனிக்காத கலை இது. நான் கண்டவற்றுள் மிக அழகான கலைகளில் ஒன்று.

இதை ரசிக்க வேண்டுமானால், மேகத்துக்குள் நம் உடம்பு எப்படிப் பொய் சொல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம் அசைந்துதான் திரும்புகிறோம் என்பதை மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாக, ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரவமும் அந்த வேகத்துக்குப் பழகிவிடும். அப்புறம் நேராகப் போவதாகவே தோன்றும். உண்மையில் நேராக்கினாலோ எதிர்ப்பக்கம் சாய்வதாக உடம்பு பதறும். 1954-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்பு பழகாத 20 மாணவ விமானிகளை வெளியே எதுவும் தெரியாதபடி பறக்க வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் தவறாமல் அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி.

இந்த மண்ணுக்கு இது ஏட்டுப் பாடம் மட்டும் அல்ல. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது என்றும், விமானிக்குத் திசையுணர்வு குலைந்ததே விபத்துக்குக் காரணம் என்றும் முப்படை விசாரணை சொன்னது. தேர்ந்த கைகளையும் மேகம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

அந்த ஏமாற்றுக்கு மனிதன் தேடிய மாற்றின் முதல் வெற்றி 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் அரங்கேறியது. ஜிம்மி டூலிட்டில் விமானி அறையை மூடிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்க்காமலே மேலேறிச் சுற்றி வந்து இறங்கிக் காட்டினார். அவருக்குத் துணை நின்றவை கிரோ என்ற சுழல் சக்கரத்தால் இயங்கும் செயற்கை அடிவானமும் திசைகாட்டியும், நுட்பமான ஓர் உயரமானியும், வானொலி அலைகளும். இன்றைய விமானங்களில் முள்ளுக்குப் பதில் திரை வந்துவிட்டது. ஆனாலும் உள்ளே ஓடும் நியாயம் அதேதான்.

அந்த நியாயத்தில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. உடம்பை நம்பாதே என்பது அதில் பாதி. எந்த ஒரு கருவியையும் தனியாக நம்பாதே என்பது மறுபாதி. விமானியின் பார்வை செயற்கை அடிவானத்தில் தொடங்கி உயரமானிக்குப் போகும், திரும்பும், வேகமானிக்குப் போகும், திரும்பும், திசைக்குப் போகும், திரும்பும். எதிலும் நிலைத்து நிற்காது. அடிவானக் கருவி விமானம் மட்டமாகப் போவதாகக் காட்டும்போது உயரம் குறைந்து வேகம் ஏறினால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருள். ஊர்ப் பஞ்சாயத்தில் விவரமான பெரியவர் தன் மனசுக்குப் பிடித்தவன் பேச்சைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டார், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத சாட்சிகள் ஒத்துப்போகிறார்களா என்றுதான் பார்ப்பார். நல்ல விமானி மேகத்துக்குள் விநாடிக்கு விநாடி அந்தத் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே போகிறார்.

உயரமானியையே எடுத்துக்கொள்வோம். உயரத்தை அதற்கு அளக்கத் தெரியாது, காற்றழுத்தம் ஒன்றைத்தான் தெரியும். அன்றைய அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வாங்கிச் சரியாகத் திருகி வைத்தால், பீளமேட்டில் நிற்கும் விமானத்தின் முள் சுமார் 1,320 அடி காட்டும். கடல்மட்டத்துக்கு மேல் நம் விமான நிலையத்தின் உயரம் அது. அழுத்தத்தில் ஓர் அலகு, அதாவது ஒரு ஹெக்டோபாஸ்கல், பிசகினால் ஏறத்தாழ 30 அடி பிசகும், பத்து அலகு என்றால் 300 அடி. அதனால்தான் கோபுரம் சொன்ன எண்ணை விமானி திருப்பிச் சொல்கிறார், பக்கத்தில் இருப்பவரும் சரிபார்க்கிறார். வழிகாட்டி நிலையத்தைச் சுற்றி 25 கடல் மைல் வட்டத்தில் எந்தத் தடையையும் குறைந்தது 1,000 அடி தாண்டிப் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. கோவையில் அந்த வட்டத்துக்குள் வெள்ளியங்கிரியும் குன்னூர்ச் சரிவுகளும் வந்துவிடுகின்றன என்பதை நினைத்தால் 30 அடியின் அருமை புரியும்.

விதிகளுக்கும் ஒரு வடிவழகு உண்டு. கிழக்குப் பாதியை நோக்கிப் போகும் விமானம் ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்குப் பாதியை நோக்கிப் போவது இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்கும். கோவையிலிருந்து சென்னைக்குப் போவது 27,000 அடியில் போனால், அங்கிருந்து வருவது 28,000 அடியில் வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஆயிரம் அடி இடைவெளி அமைந்துவிடுகிறது.

எங்கே இருக்கிறோம் என்ற கேள்விக்கு வி.ஓ.ஆர். தரும் விடையும் எனக்குப் பிடித்தமானது. தரையிலுள்ள நிலையம் இரண்டு அலைகளை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி, மற்றது திசைக்குத் திசை கொஞ்சம் பிந்தி. எத்தனை பாகை பிந்துகிறதோ அத்தனையாவது பாகையில் விமானம் இருக்கிறது. பீளமேட்டை நடுவில் வைத்தால் மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 340, ஈரோடு 65, திருப்பூர் 75, தாராபுரம் 120, பழனி 140, பொள்ளாச்சி 180 சொச்சம். கொங்கு நாடு முழுவதும் ஒரு சக்கரத்தின் ஆரக்கால்களில் அடங்கிவிடுகிறது. தூரத்தைச் சொல்ல டி.எம்.இ. இருக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து அது மைலாக்கித் தருகிறது.

நம் வானத்துக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுக்கவும் அந்தக் கோடுதான் காரணம். துருவங்களை நெருங்க நெருங்கத் திசைகாட்டி முள் தரைநோக்கிச் சரியும், திரும்பும்போது விமானியைக் குழப்பும். இங்கே அது ஏறக்குறைய மட்டமாக, அடக்கமாக நிற்கிறது. ஆனால் காந்தக் கோட்டையொட்டிய இந்த வானில் அயனி மண்டலம் சூரியன் சாய்ந்தபின் கலங்கும், இடம் சொல்லும் செயற்கைக்கோள்களின் குறிகள் தடுமாறும். பழைய முள்ளைச் சாந்தப்படுத்தும் அதே காந்தம் புதிய முறைக்குச் சோதனை வைக்கிறது. அயனி மண்டலத்தால் வரும் பிழையையும் கணக்கிட்டுத் திருத்த இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் ககன் என்ற அமைப்பை உருவாக்கின. 2022 ஏப்ரலில் இண்டிகோ விமானம் ஒன்று அதன் துணையோடு ராஜஸ்தானின் கிஷன்கரில் இறங்கியது.

இனி இறங்குவோம். கோவையில் 23-இல் இறங்க ஐ.எல்.எஸ். வழிகாட்டுகிறது. மழைக்காலத்தில் விமானம் அவிநாசிப் பக்கம் வந்து திரும்பினால் இந்தக் கச்சேரி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஓடுபாதையிலிருந்து இரண்டு அலைக்கற்றைகள் கிளம்புகின்றன. இடப்பக்கத்தில் 90 ஹெர்ட்ஸ் ஓங்கியிருக்கும், வலப்பக்கத்தில் 150. இரண்டும் சமமாக ஒலிக்கும் மெல்லிய கோடுதான் பாதை. இதேபோல் மேலும் கீழும் ஒரு ஜோடி சேர்ந்து மூன்று பாகைச் சரிவை வரைகிறது. 90-ஐ சட்ஜமாகக் கொண்டால் 150 சதுஸ்ருதி தைவதம். ஸாவும் தாவும் சமனாகும் இடத்தில் விமானத்தை நிறுத்திக்கொண்டே 140 நாட் வேகத்தில் வருகிறார்கள். கருவி தேறிய கையின் அடையாளம் அசைவின் சிறுமை. முள் நகர்ந்தபின் துரத்தாமல், நகர எண்ணும்போதே இரண்டு பாகை திருத்துவார். காற்று உலுக்குகிற நாளிலும் அந்தத் திருத்தம் பயணிக்குத் தெரியாது.

ஓடுபாதைக்கு 200 அடி மேலே இந்தக் கலையின் உச்சம் வருகிறது. அங்கே பாதையோ அதன் விளக்கோ கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. தரைக்கு இன்னும் பதினாறு, பதினேழு விநாடிதான். விசையைக் கூட்டி, மூக்கை உயர்த்தி, ஏற்கெனவே வரைந்து வைத்த வழியில் மேலே போய்விட வேண்டும். இருக்கையில் இருப்பவர்களில் சிலர் பயப்படுவார்கள், சிலர் நேரமாகிறதே என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கோ எழுந்து நின்று வணங்கத் தோன்றும். இத்தனை கருவியும் கணக்கும் பயிற்சியும் சேர்ந்து இறங்கும் வாசல் வரை கொண்டுவந்து விட்டபின், இன்று வேண்டாம் என்று சொல்லும் திடம் சாதாரணமானது அல்ல. அழகாக இறங்கியவரைப் பாராட்டுகிறோம், சரிதான். ஆனால் 200 அடியில் ஆசையை விட்டுவிட்டு மேலேறியவர்தான் இந்தக் கலையை முழுசாகக் கற்றவர். அடுத்த ஆடியில் உங்கள் விமானம் பீளமேட்டுக்கு மேல் அப்படி ஏறினால், இறங்கியபின் வாசலில் நிற்கும் விமானியிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். அவர் செய்ததை மதிக்கத் தெரிந்தவர் ஒருவராவது விமானத்தில் இருந்தார் என்று அவருக்குத் தெரியட்டும்.