காண்டாக்டர் கலைச்சொற்கள்: ஒரு திறனாய்வு

மின்மோட்டார், மின்வெப்பி போன்ற பெரிய சுமைகளைத் தொலைவிலிருந்து இயக்கவும் நிறுத்தவும் பயன்படும் மின்காந்த நிலைமாற்றி காண்டாக்டர் எனப்படுகிறது. இதைத் தமிழில் 'இணைப்பி' என்றால் அது கனெக்டரையும் குறித்துவிடும். 'தொடுவி' என்றால் தொடுமுனை மட்டும் தெரியும்; அதை இயக்கும் கம்பிச்சுருள் மறைந்துவிடும். பட்டறையில் வழங்கும் 'காண்டாக்டர்' என்ற சொல்லும் கண்டக்டர், காண்ட்ராக்டர் ஆகியவற்றோடு காதில் குழம்புகிறது. ஆனால் கருவியைக் கையில் எடுத்தவருக்கு அந்தக் குழப்பம் நீடிப்பதில்லை. எனவே பெயர் அப்படியே இருக்கலாம்.

பெரிய சிக்கல் 'ரேட்டிங்' என்ற சொல்லில்தான் உள்ளது. அதைத் 'தரம்' என்று எழுதினால், 230 வோல்ட் சுருள் 24 வோல்ட் சுருளைவிடத் தரமானது என்று பொருள்படும். 'மதிப்பீடு' என்பது மதிப்பிடும் செயலைக் குறிக்கும். இங்கே கருதப்படுவது, கருவிக்கு உற்பத்தியாளர் வரையறுத்த அளவு. 'வரையளவு' என்ற சொல் அதற்குப் பொருந்துகிறது.

அச்சொல்லும் தனியாக நின்றால் போதாது. ஒரு காண்டாக்டரின் முதன்மைத் தொடுமுனைகள் 415 வோல்ட் மோட்டாரை இயக்கலாம். ஏ1, ஏ2 முனைகளில் இணைக்கப்படும் அதன் சுருள் 24 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். 'காண்டாக்டரின் மின்னழுத்தம் 415' என்று மட்டும் படித்த மாணவர், அதையே சுருளுக்குக் கொடுத்தால் சுருள் எரிந்துவிடும். ஆகவே 'சுருள் வரையளவு', 'தொடுமுனை வரையளவு' என்று பிரித்தே எழுத வேண்டும். மின்னோட்டத்துக்கும் இதே கவனம் தேவை. மோட்டார்ச் சுமைக்கான ஏசி-3 வகையில் 9 ஆம்பியர் கொண்ட கருவி, மின்தடைச் சுமைக்கான ஏசி-1 வகையில் 25 ஆம்பியர் தாங்கக்கூடும்.

'பிக்-அப்', 'டிராப்-அவுட்' ஆகிய இரண்டையும் 'இயக்க மின்னழுத்தம்' என்ற ஒரே சொல்லில் அடக்குவதும் பிழை. ஐ.இ.சி. 60947-4-1 செந்தரத்தின்படி, காண்டாக்டர் தன் சுருள் வரையளவின் 85 முதல் 110 விழுக்காடு வரை சரியாக மூட வேண்டும். 230 வோல்ட் சுருளுக்கு இது 195.5 முதல் 253 வோல்ட். மாறுமின் சுருள் விடுபடும் அளவோ 20 முதல் 75 விழுக்காட்டுக்குள் அமையும். மூடிய காண்டாக்டர், மின்னழுத்தம் சற்றுக் குறைந்தவுடன் திறந்துவிடாததன் காரணம் இதுவே. 'ஈர்ப்பு மின்னழுத்தம்', 'விடுப்பு மின்னழுத்தம்' என்று எழுதினால் மாணவருக்கு இவ்வேறுபாடு சொல்லிலேயே புலப்படும்.

கலைச்சொல் ஆக்குவோர் கருவியின் பெயருக்குச் செலவிடும் உழைப்பை, அதன் பெயர்ப்பலகையில் உள்ள அளவுகளுக்கும் செலவிட வேண்டும். கம்பியை இணைப்பவர் முடிவெடுப்பது அந்த அளவுகளைப் பார்த்துத்தான்.