மஞ்சப்பையின் மறுபிறவிகள்

திருவண்ணாமலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வருகிறவர்கள் கையில் இன்னமும் மஞ்சப்பை இருக்கும். பட்டா, ரேஷன் கார்டு, ஜெராக்ஸ் எல்லாம் அதற்குள்ளேதான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த தமிழக அரசு, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து அது எப்போது போனது, மீண்டும் வர?

கல்யாணத் தாம்பூலத்தோடு வரும்போது அதில் அழகு குறைவுதான். விறைப்பாக இருக்கும், மஞ்சள் கண்ணைக் குத்தும். நாலைந்து முறை துவைத்த பிறகே கைக்குப் பழகும். மணமக்கள் பெயர் மங்கி, நிறம் சந்தனத்துக்கு இறங்கியதும் கேழ்வரகோடு மாவு மில்லுக்குப் புறப்படும். அந்தப் பையில் யாராவது மிளகாய் போட்டால் வீட்டில் ரகளைதான். காது அறுந்தால் இரண்டு தையல். அடி கிழிந்தால் பிரித்து மடித்து, அடுப்பிலிருந்து சோற்றுப்பானை இறக்கும் பிடிதுணி. அதுவும் கருகிப்போனால் சைக்கிள் துடைக்க.

ஒரு குறை உண்டு. புதுப்பை சாயம் விடும்; வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது.