சரியும் செங்கோணம்

மழை ரேடார் படத்தில் நம் கண் முதலில் சிவப்பு நிறத்துக்குத்தான் போகும். ரசிக்க வேண்டிய படம் வேறொன்று இருக்கிறது. ரேடார் அனுப்பும் கிடைமட்ட அலையும் செங்குத்து அலையும் திரும்பி வரும்போது அவற்றின் வலுவுக்கு இடையே உள்ள விகிதத்தைக் காட்டும் படம் அது. தூறல் துளி உருண்டை. இரண்டு அலையும் சமமாகத் திரும்பும், விகிதம் 0 டெசிபெல். 5 மில்லிமீட்டர்த் துளி விழும்போது காற்று அடியில் முட்டுவதால் பன்ரொட்டி போலத் தட்டையாகிவிடும். கிடைமட்ட அலை கூடுதல் வலுவோடு திரும்பும். புரண்டு புரண்டு விழும் ஆலங்கட்டி பலத்த எதிரொலி தந்தாலும், அதன் விகிதம் பெரும்பாலும் 0-வை ஒட்டியே நிற்கும். மழையையும் ஆலங்கட்டியையும் பிரித்துச் சொல்ல உதவும் இந்த விகிதத்தில் 0.1 டெசிபெல் துல்லியம் வேண்டும் என்கிறார்கள். வலுவில் அது ஏறக்குறைய 2 சதவீதம்தான்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், நார்மன் நகரிலுள்ள தேசியக் கடும்புயல் ஆய்வகம் சோதித்த ஃபேஸ்டு அரே ரேடார் ஒரு தட்டையான பலகை. அதில் 4,864 சிறு ஆன்டெனாக்கள். வழக்கமான ரேடாரின் சுழலும் டிஷ் வானத்தை ஒருமுறை முழுதாகத் துழாவி முடிக்க நான்கைந்து நிமிடம் ஆகிறது. சூறாவளிச் சுழல் அதுவரை காத்திருக்காது. பலகை அசையாமலே அலைக்கற்றையை மின்னணு முறையில் நொடிக்குள் திருப்பிவிடலாம். ஆனால் கற்றை திரும்பும்போது ஆன்டெனாக்கள் திரும்புவதில்லை. கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஜன்னல் ஒன்றைப் பாருங்கள். நேர் எதிரே நின்றால் செங்கோணம். பக்கவாட்டில் நகர்ந்தால் குறுக்குக் கம்பி குட்டையாகும், கோணம் தப்பிக்கும். பக்கவாட்டிலும் கீழிருந்தும் சேர்த்துப் பார்த்தால் கோணமே சரிந்துவிடும். இங்கேயும் அதேதான். ஆன்டெனாவை வெறும் குறுக்குக் கம்பியாக எடுத்துக்கொண்டால், 45 டிகிரி பக்கவாட்டில் கிடைமட்ட அலையின் வலு போகும்போது பாதி, திரும்பும்போது மறுபடி பாதி என்று 6 டெசிபெல் குறைகிறது. தேவையான துல்லியத்தைப்போல் 60 மடங்கு பிழை! உருண்டைத் தூறல்கூட நெட்டுக்குத்தாக நீண்டதுபோலத் தெரியும்.

இந்தப் பிழை தற்செயலானது அல்ல, வடிவியலில் பிறந்தது. அதுதான் இதைத் திருத்தக்கூடியதாக்குகிறது. கற்றையின் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு அலைகளும் எவ்வளவு குறைகின்றன, ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு கசிகிறது என்பதை நான்கு எண்கள் கொண்ட ஓர் அணியாக எழுதி, அதன் நேர்மாறால் அளவீட்டைப் பெருக்குகிறார்கள். இப்படித் திருத்தினால் அது கைவைத்த படம்தானே என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஆனால் அந்த எண்கள் மழையைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. ஆன்டெனாவை அளந்து முன்கூட்டியே பெறப்பட்டவை. மழை பிறகு வந்து சாட்சி சொல்கிறது. அளவு கடந்து சாய்ந்தால் கணக்கு கைகொடுக்காது என்பதும் உண்மை: கிடைமட்ட அலை நலியநலிய, அதைத் தூக்கிப் பிடிக்கும் பெருக்கல் கூடவே இரைச்சலையும் தூக்கிவிடும். அதனால்தான் நான்கு பலகைகளைச் சதுரமாக நிறுத்தி, ஒவ்வொன்றும் இருபுறமும் 45 டிகிரிக்குள் பார்க்கட்டும் என்று திட்டமிடுகிறார்கள். பலகையையே உருளையாக வளைத்துவிடலாம் என்கிறார் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் குய்ஃபு ஜாங். எந்தத் திசையிலும் கற்றை பக்கவாட்டில் சாயாமல் நேராகவே புறப்படும் என்பது அவர் வாதம். எனக்கு இது அழகான யோசனையாகப் படுகிறது, ஆனால் கட்டுவது எளிதல்ல.

அடுத்த முறை பலகை ரேடாரின் விகிதப் படம் கிடைத்தால் புயலின் நடுவை விட்டுவிட்டு, மெல்லிய தூறல் பரவிய இடத்தைத் தேடுங்கள். பலகையின் நேரெதிரிலிருந்து ஓரம்வரை அதன் நிறம் மாறாமல் நீள்கிறதா என்று பாருங்கள்.