கடமானின் விலாவும் ஈயக் குண்டும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், காவிரியோடு ஒரு சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில், தமிழ்நாட்டின் எல்லை முடிந்து, ஒரு காலத்தில் கோயமுத்தூர் ஜில்லாவிலும் 1956க்குப் பின் மைசூர் ஜில்லாவிலும் சேர்ந்திருந்த காடு தொடங்கும் பாலாற்றைப் பெரும்பாலோர் 1993ஆம் ஆண்டின் கண்ணிவெடிச் சம்பவத்தைக் கொண்டே நினைவுகூர்கிறார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தை ஒரு வித்தையாகக் கருதி ஆராய்கிறவனுக்கோ அந்தக் காடு வேறொரு காரணத்தாலும் கவனத்துக்குரியது. குழலின் வாய்வழியே கரிமருந்தையும் குண்டையும் இட்டுக் கம்பியால் கெட்டித்துச் சுடும் பழைய ஆயுதம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்த பிறகும், நாட்டுத் துப்பாக்கி என்ற பெயரில் இந்தக் காட்டோரங்களில் களவாக வழங்கி வருகிறது. அதற்கு இலக்காகும் மான்களில் மிகப் பெரியது கடமான்.

இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டம் போட்ட ஆங்கிலேயர் இந்தக் கடமானைத்தான் எல்க் என்று அழைத்தார்கள். அமெரிக்க எல்க் வேறு இனம், எடையிலும் பெரியது. ஆயினும் நன்கு வளர்ந்த கடமான் கலையும் 200 கிலோவுக்கு மேல் 300 கிலோ வரை நிறுக்கக்கூடியதாதலால், ஒற்றைக் குண்டால் அதை வதையின்றி வீழ்த்துவது எவ்வாறு என்ற பிரச்னை அமெரிக்காவிலும் இங்கும் ஒன்றே.

அந்தப் பிரச்னையைச் சாஸ்திரீயமாக முதலில் அலசியவர்களுள் இந்தியாவில் பணியாற்றிய ராணுவ அதிகாரி ஜேம்ஸ் ஃபோர்ஸைத் முக்கியமானவர். வேட்டைத் துப்பாக்கியையும் அதன் குண்டுகளையும் பற்றி 1863இல் அவர் வெளியிட்ட நூலின் சாரத்தை உணர்வதற்கு ஒரு கணிதம் போதும். உருண்டைக் குண்டின் விட்டத்தை இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பை ஏற்கும் முகப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. அரை அங்குல ஈய உருண்டையின் எடை 12 கிராம் அளவே. வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் அது புறப்பட்டாலும், 100 மீட்டர் சென்று சேர்வதற்குள் ஏறக்குறைய பாதி வேகத்தை இழந்துவிடுகிறது. வேகம் பாதியானால் தாக்கும் சக்தி கால் பங்காகச் சுருங்குகிறது. ஒரு ராத்தல் ஈயத்தில் பதினான்கு உருண்டைகள் வார்க்கும் குழலில் குண்டு 32 கிராம் இருக்கும். அது வேகத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பதில்லை. அத்தகைய குழலுக்கு 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மிக மெதுவான திருகு வரிகளை ஃபோர்ஸைத் நிர்ணயித்ததன் நோக்கம், நிறைய மருந்திட்டாலும் மிருதுவான ஈயம் வரிகளை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகாதிருக்க வேண்டும் என்பதே. நீண்ட கூம்புக் குண்டு நிலைபெற்றுப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். உருண்டைக்கு இந்தச் சிறு சுழற்சியே போதுமானது. போர்க்களத்தில் கூம்புக் குண்டு புகழ் கொடிகட்டிப் பறந்த நாளிலே, காட்டின் குறுகிய தூரத்துக்குப் பெரிய உருண்டையே உசிதம் என்று வாதாடிய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இலங்கையின் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கில வேட்டைக்காரர் ஸாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்து கொடுத்த 21 ராத்தல் எடையுள்ள துப்பாக்கியில் மூன்று அவுன்ஸ் உருண்டையையும் 16 டிராம் மருந்தையும் இட்டுச் சுட்டவர். அப்படிப்பட்டவரே அங்குள்ள எல்க்கை வேட்டை நாய்களைக் கொண்டு மடக்கிக் கத்தியால் முடித்தார் என்பதை இங்கே குறிப்பிட்டுவிட்டு மேலே செல்லலாம்.

குண்டு எதுவாயினும் அது புகும் இடமே முடிவை நிச்சயிக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் கடமானின் இருதயம், நாம் எதிர்பார்ப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு இடையிலேயே இருக்கிறது. அதற்கு மேலும் பின்னுமாக நுரையீரல்கள் பரந்திருக்கின்றன. ஆகையால் முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டிக் கண்ணை மேலே செலுத்தி, உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்துவதே சரியான குறி. சற்றுத் தவறினாலும் நுரையீரல் அகப்படும். தோள் எலும்பைச் சிறிய ஈய உருண்டை எதிர்கொண்டால், உள்ளே புகுமுன்பே நசுங்கி நின்றுவிடக்கூடும். விலகிச் சாய்ந்து நிற்கும் மானுக்கு அப்புறத்து முன்னங்காலை மனத்தில் கொண்டு குறிவைக்க வேண்டும். தலைக்குச் சுடுவதைப் போன்ற பாதகம் வேறில்லை: மூளை சிறியது, தலையோ அசைந்துகொண்டே இருப்பது, தாடை சிதறிய பிராணி இரை எடுக்க முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்தே சாகும்.

கரிமருந்தின் புகை சுட்ட கணமே திரையிட்டுவிடுவதால் பட்டதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இருதயத்தில் அடிபட்ட மானும் நூறு கஜம் ஓடக்கூடியது. நுரை கலந்த செவ்விரத்தம் நுரையீரலையும், கருத்த இரத்தம் ஈரலையும், பச்சைச் சாறு குடலையும் காட்டும். கடைசி வகையில் அவசரப்பட்டுத் துரத்தினால் மான் வெகுதூரம் போய்விடும். மணிக்கணக்கில் காத்திருந்து தடம்பிடிப்பதே முறை.

இத்தனை அளவுகோல்களையும் வைத்துப் பார்க்கையில் பாலாற்றங்கரைக் காடுகளின் நாட்டுத் துப்பாக்கி எங்கே நிற்கிறது? வரி வெட்டாத வெறுங்குழல்; கண்ணளவில் கொட்டிய மருந்து; அதன்மேல் தேங்காய் நார்; அதற்கும் மேல் ஒரு கை பால்ரஸ் குண்டுகள். எஃகாலான பால்ரஸ் உடலுக்குள் மலர்ந்து விரிவதில்லை, ஈயத்தைவிட லேசானதால் விரைவில் வேகமும் இழக்கிறது. சிதறிப் போகும் பத்தில் எது எங்கே படும் என்பதைச் சுட்டவனாலும் சொல்ல இயலாது. இருளில், நெற்றி விளக்கின் ஒளியில் மின்னும் கண்களை நோக்கிச் சுடுகிறவனுக்கு விலா எது, தோள் எது என்ற விசாரணைக்கே இடமில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் செப்டம்பர் மாதத்து எல்க் பருவத்தில் வாய்வழியே மருந்திடும் துப்பாக்கியை அனுமதிக்கிறவர்கள், குழல் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஒரே குண்டுதான் இடலாம், தொலைநோக்கி பொருத்தக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். கடைசி விதி பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றினாலும், வேட்டைக்காரனை அருகே வரச் செய்து, வேகம் குன்றாத தூரத்திலேயே சுட வைக்கிறது என்பதால் மிக்க விவேகமுள்ள விதி என்பேன். நம் பக்கத்தில் அருகே வருகிறவனிடமும் தகுந்த குண்டு இல்லை. நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு வனத்துறையும் காவல்துறையும் சேலம், தர்மபுரி, ஈரோடு மாவட்டங்களில் அவ்வப்போது விடுக்கும் வேண்டுகோளை, சட்டத்தின் பொருட்டு ஆதரிக்கிறவர்கள் பலர். குண்டின் இயல்பை அறிந்தவன் என்ற முறையில் நான் அதைக் கடமானின் பொருட்டு ஆதரிக்கிறேன்.